ஜெயமால்யதா யாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்?



இது நீளமான பதிவு. முதல் பத்தியைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். கடைசி வரை படித்துவிட்டு வாருங்கள், நானும் தயாராக இருக்கிறேன்.

இரண்டு நாளாகக் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே அமளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் யானை ஜெயமால்யதாவை வேறு இடத்துக்கு மாற்றலாமா, கூடாதா என்பதுதான் விஷயம். மதுரை மாப்பிள்ளை "நம்ம ஊர் யானையை எவனோ வந்து கொண்டுபோக விடுறதா" என்று கொதிக்கிறார். பெங்களூரில் இருக்கும் மருமகள் "அசாமுக்கே அனுப்பிடுங்க" என்கிறாள். துபாயில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன், "டீச்சர், லீவுக்கு வந்தா முதல்ல அதைத்தான் பார்ப்பேன், அது இல்லாம எப்படி" என்று அழுகிற பொம்மை நாலு போட்டு எழுதியிருக்கிறான். பாதிப் பேர் என் பெயரைப் போட்டு "டீச்சர் என்ன சொல்றீங்க" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்கிறேன். மாற்ற வேண்டும். அசாமுக்கு அனுப்ப வேண்டாம். திருச்சி மாவட்டம் எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறை நடத்தும் யானைகள் மறுவாழ்வு மையத்துக்கு, நிபந்தனைகளோடு மாற்ற வேண்டும். அந்த இடத்துக்கு இன்னொரு யானையைக் கோயிலுக்கு வாங்கக் கூடாது.

கோபம் வந்தவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். ஜெயமால்யதா பிறந்தது அசாமில். அங்கே அதன் பெயர் ஜாய்மாலா. பத்தாண்டுக்கு முன்பே நம் ஊருக்கு வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு என்று சொல்லிக் கொண்டுவந்த யானையைத் திருப்பி அனுப்பவே இல்லை என்பது புகார் சொல்கிறவர்களின் வாதம். 2021 பிப்ரவரியில் மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் நடந்தபோது, இந்த யானையைக் கட்டிவைத்து இரண்டு பேர் கம்பால் அடிக்கும் வீடியோ ஊரெல்லாம் பரவியது. அது வலியில் பிளிறிய சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பாகன்மேல் நடவடிக்கை எடுத்தார்கள், கைதும் நடந்தது. 2022 ஆகஸ்டில் பீட்டா அமைப்பு இன்னொரு வீடியோ வெளியிட்டது. கொட்டிலில் சங்கிலியால் கட்டப்பட்டுத் தனியாக நிற்கிறது, கொறடால் தோலைத் திருகுகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. யானை நலமாக இருக்கிறது என்று தமிழ்நாட்டு அதிகாரிகள் மறுத்தார்கள். செப்டம்பரில் அசாமிலிருந்து ஒரு குழு வந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

இத்தனையிலும் எல்லாரும் அடித்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: யானை யாருடையது? அசாமுடையதா, தமிழ்நாட்டுடையதா, கோயிலுடையதா? அது விடிந்ததிலிருந்து ராத்திரி வரை எப்படி நாளைக் கழிக்கிறது என்று கேட்டவர்கள் சிலர்தான். அவர்களையும் "வெளியூர்க்காரன்", "மதத்துக்கு விரோதி" என்று திட்டி அனுப்பினோம்.

நம் ராஜபாளையத்திலேயே நடந்த இன்னொரு கதையைப் பலர் மறந்துவிட்டீர்கள். லலிதா என்று ஒரு யானை. ராஜபாளையத்தைச் சேர்ந்த ஒருவர் வைத்திருந்தார். உரிமைச் சான்று தொடர்பான வழக்கு 2020இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. யானைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே பாசம் இருக்கிறது, பிரித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் அதன் மனம் பாதிக்கும் என்று கருதி, நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை அவரிடமே இருக்க அனுமதித்தார். படித்தபோது எனக்கும் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. 2023 தொடக்கத்தில் அதே லலிதா விருதுநகரில் உடல்நலம் கெட்டு நின்றது. அதே நீதிபதி நேரில் போய்ப் பார்த்தார். உடம்பில் காயங்கள் இருந்தன. சிகிச்சை முடிந்ததும் அரசு முகாமுக்கு மாற்ற வேண்டும் என்றார். கோயில்களும் தனியாரும் இனிமேல் யானை வாங்கக் கூடாது, இருக்கிற வளர்ப்பு யானைகளை எல்லாம் அரசு முகாம்களுக்கு மாற்றுவது பற்றி முடிவெடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று 2023 பிப்ரவரியில் உத்தரவிட்டார்.

இதை நன்றாகக் கவனியுங்கள். பாசத்தை நம்பி "இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்" என்று சொன்ன அதே நீதிபதி, மூன்று வருஷம் கழித்துக் கண்ணால் பார்த்த பிறகு "மாற்றுங்கள்" என்றார். பாசம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பாசம் இருக்கிறது என்பதால் மட்டும் தீவனமும் நடையும் மருத்துவமும் தானாக வந்துவிடாது என்கிறேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பெற்றோரைப் பார்த்தவள் நான். பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கும் தகப்பன் அதன் கண்பார்வை மங்குவதைக் கவனிக்காமல் இருப்பான். கரும்பலகை தெரியவில்லை என்று நாங்கள் சொல்லித்தான் கண்ணாடி வாங்குவான்.

இப்போது "பக்கத்தில்" என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்தச் சண்டை முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

என் மாணவன் ஒருவன் கோயம்புத்தூரில் குதிரை வைத்திருக்கிறான். வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு லாயத்தில் மாதவாடகைக்கு விட்டிருந்தான். வீட்டுக்கு மூன்று கிலோமீட்டரில் புதிதாக ஒரு லாயம் திறந்திருக்கிறார்கள், மாற்றட்டுமா என்று போன் செய்தான். எனக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் கேள்வி கேட்கத் தெரியுமே. கேட்டேன். புது லாயத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெளியே அவிழ்த்துவிடுவார்கள்? பக்கத்தில் வேறு குதிரை இருக்கிறதா? நிற்கிற தரை மண்ணா, சிமெண்டா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வயிற்றுவலி வந்தால் யார் பார்ப்பார்கள்? குதிரைக்குத் தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் வயிறு கெட்டு உயிருக்கே ஆபத்து என்பார்களே, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற அங்கே ஆள் இருக்கிறார்களா?

அவன் போய் விசாரித்துவிட்டு வந்தான். புது லாயத்தில் மேய இடமே இல்லை. காலையில் அரை மணி நேரம் நடத்திவிட்டு மீதி நேரம் அறைக்குள் அடைப்பு. பழைய லாயத்தில் இரண்டு ஏக்கர் வேலிக்குள் நாலு குதிரையோடு பாதி நாள் திரிகிறது. "அப்போ யாருக்குப்பா பக்கம்?" என்றேன். சிரித்துவிட்டான். குதிரை அங்கேயே இருக்கிறது. பெட்ரோல் செலவு அவனுக்கு.

அந்தக் குதிரைக்குக் கேட்ட கேள்விகளை நம் யானைக்குக் கேட்போம். அவ்வளவுதான் என் வாதம்.

ஒரு யானை ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோவுக்கு மேல் தின்னும். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். காட்டில் இருந்தால் பதினாறு மணி நேரம் வரை மேய்ந்துகொண்டே இருக்கும், அதுவும் நடந்துகொண்டே. இலை, பட்டை, புல், மூங்கில், வேர் என்று நூறு தினுசு. கோயிலில் கட்டியிருக்கும் யானைக்குத் தென்னை மட்டையும் சோற்று உருண்டையும் நேரத்துக்குக் கிடைத்தாலும் அது ஒரு மணி நேர வேலை. மீதி நேரம் என்ன செய்யும்? நிற்கும். நம்மைச் சேர்த்து மொத்த ஊரும் அதைப் பார்க்கிறது, அது பார்ப்பது சுவரை.

யானையின் பாதம் உள்ளே மெத்தை மாதிரி கொழுப்பு வைத்த பாதம். மண்ணில் நடக்கப் படைத்தது. சிமெண்டுத் தரையிலும் கல் தரையிலும் வருஷக்கணக்கில் நின்றால், அதுவும் தன் மூத்திரத்திலும் லத்தியிலும் நின்றால், நகம் வெடிக்கும், பாதம் புண்ணாகும், சீழ் வைக்கும். வளர்ப்பு யானைகளை வாட்டும் நோய்களில் பாத நோய் முக்கியமானது என்று கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கொட்டில் எப்படி இருக்க வேண்டும், தீவனம் எவ்வளவு, மருத்துவச் சோதனை, பதிவேடு என்று 2011ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு வளர்ப்பு யானைகளுக்கு விதிகள் போட்டிருக்கிறது. விதி இருந்தால் போதுமா? வருகைப் பதிவேட்டில் எல்லாப் பிள்ளைகளும் தினமும் வந்ததாகக் காட்டும் பள்ளிகளையும் நாம் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது, தனிமை. பெண் யானை சாகும்வரை கூட்டத்தோடு வாழ்வது. அம்மா, பாட்டி, சித்தி, அக்கா, குட்டிகள் எல்லாம் ஒன்றாக. நம் பழைய கூட்டுக் குடும்பம் மாதிரி. அதில் ஒன்றைப் பிரித்து, வேறு யானையின் வாசனையே இல்லாத ஊரில் ஒற்றையாக நிறுத்தியிருக்கிறோம்.

"பாட்டுக்குத் தலையாட்டுது பாருங்க டீச்சர்" என்று எத்தனை பேர் எனக்கு வீடியோ அனுப்பியிருக்கிறீர்கள்! பிள்ளைகளே, அது நாதசுரத்துக்கு ஆடவில்லை. நாதசுரம் இல்லாத மத்தியானத்தில் போய்ப் பாருங்கள், அப்போதும் அதே ஆட்டம். கட்டிப்போட்ட மிருகம் மனம் நொந்தால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். மிருகக்காட்சி சாலையில் புலி கூண்டுக்குள் முன்னும் பின்னும் நடக்குமே, அதே நோய்தான் இது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கோபுரத்துக்கு மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. செண்பகத்தோப்புக்கு மேலே ஏறினால் யானைத் தடம் பார்க்கலாம். ராஜபாளையம், சேத்தூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நம் உறவினர்களைக் கேட்டால் யானை வந்து தென்னையைச் சாய்த்த கதை சொல்வார்கள். கூட்டமாகத் திரியும் யானைகள் மலையில். அடிவாரத்து ஊரில் ஒற்றை யானை சங்கிலியில்.

"அப்போ அந்தக் காட்டிலேயே விட்டுவிடலாமே, பக்கம்தானே" என்று கேட்பீர்கள். விட முடியாது. மனிதன் கையில் வளர்ந்த யானைக்குக் காட்டில் தானாகப் பிழைக்கத் தெரியாது. காட்டு யானைகள் அதைச் சேர்க்கும் என்ற உறுதியும் இல்லை. மனித வாடை தேடித் தோப்புக்கும் ஊருக்கும் இறங்கும். பிறகு அதைப் பிடிக்க ஊசி போட வேண்டும். காடு பக்கம் என்பதற்காகக் காட்டில் விடுவதும், கோயில் பக்கம் என்பதற்காகக் கோயிலில் கட்டுவதும் ஒரே தவறு. இரண்டிலும் யானையை யாரும் கேட்கவில்லை.

இனி உங்கள் ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. "யானை ஆண்டாளுடையது, சம்பிரதாயம்."

நானும் ஆடிப்பூரத் தேருக்கு வடம் தொட்டு வளர்ந்தவள்தான். எனக்குச் சம்பிரதாயம் சொல்லித்தர வேண்டாம். ஆண்டாள் கண்ட கல்யாணக் கனவில் யானைகள் வருகின்றன, உண்மை. எத்தனை? ஆயிரம். கூட்டமாகச் சூழ்ந்து வருகின்றன. தனியாக ஒன்றைக் காலில் சங்கிலி போட்டு நிறுத்தி, காசு கொடுத்தவர் தலையில் தும்பிக்கையை வைக்கச் சொல்லும் காட்சி அந்தக் கனவில் எங்கே வருகிறது? யானை இல்லாத ஆயிரக்கணக்கான கோயில்களில் பூசை நடக்கவில்லையா? அங்கெல்லாம் சாமி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டதா? தேரை இழுப்பது பக்தர்களின் கைகள்.

2. "பாகனையும் யானையையும் பிரிப்பது பாவம்."

நல்ல பாகன் என்றால் பிரிப்பது பாவம்தான். அதனால்தான் கூடவே அவரையும் அனுப்பச் சொல்கிறேன். ஆனால் இந்த யானை விஷயத்தில் எந்தப் பாகனைச் சொல்கிறீர்கள்? முகாமில் அடித்தவர்களையா? பாகன்மாரையும் நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டேன். குறைந்த சம்பளம், லீவு கிடையாது, பயிற்சி சரியில்லை, நாலு டன் மிருகத்தின் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை தாக்கி, பாகனும் அவர் உறவினரும் உயிரிழந்தார்களே, அந்தக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். தெய்வானையைக் கெட்ட யானை என்று யாரும் சொல்லவில்லை. அன்று காலைவரை அதற்கும் எல்லாரும் வாழைப்பழம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தனியாகக் கட்டிவைத்த மிருகம் என்றைக்கு, எதற்கு மிரளும் என்று யாரால் சொல்ல முடியும்? இந்த ஏற்பாடு யானைக்கும் ஆகாது, பாகனுக்கும் ஆகாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று படம் எடுக்கும் உங்களுக்கும் ஆகாது.

3. "அவ்வளவு தூரம் லாரியில் கொண்டுபோவது கொடுமை."

இது நியாயமான ஆட்சேபணை. இதற்காகத்தான் அசாம் வேண்டாம் என்கிறேன். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சாலை. நாள்கணக்கில் லாரியில் நின்றபடி பயணம். அசாமில் காடு இருக்கிறது, சரி. ஆனால் அங்கே போனதும் காட்டில் விட மாட்டார்கள், அங்கும் ஒருவர் கையில்தான் கொடுப்பார்கள். பிறந்த மண் என்பது நமக்குப் பெரிய சொல். சின்ன வயதில் பிரிந்த யானைக்கு அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்? எம்.ஆர்.பாளையம் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குள். சாயங்காலம் வெயில் தாழ்ந்து கிளம்பினால் விடிவதற்குள் போய்விடலாம். 2003இல் தொடங்கிய நாற்பத்தெட்டு நாள் புத்துணர்வு முகாம்களுக்கு இதைவிடத் தூரம் வருஷா வருஷம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது நம்மில் ஒருவரும் தூரத்தைப் பற்றிப் பேசவில்லை. திரும்பி வரும் பயணம் என்றால் தூரம் தெரியாது, திரும்பாத பயணம் என்றால் மட்டும் கொடுமையா?

4. "அரசு முகாம் என்ன சொர்க்கமா?"

இல்லை. அடி விழுந்ததே ஒரு முகாமில்தான் என்பதை நான் மறக்கவில்லை. புத்துணர்வு முகாம், ஆற்றங்கரை, மற்ற யானைகள், மருத்துவர்கள் எல்லாம் இருந்த இடத்தில்தான் அந்தக் கம்பு உயர்ந்தது. இடத்தை மாற்றிவிட்டு ஆளையும் பழக்கத்தையும் மாற்றாமல் விட்டால் ஒரு பலனும் இல்லை. ஆனால் எம்.ஆர்.பாளையம் மையம் 2019 முதல் இதற்கென்றே நடக்கிறது. தனியாரிடமிருந்தும் மடத்திலிருந்தும் வந்த யானைகள் அங்கே இருக்கின்றன. நடக்க மண் இருக்கிறது. பேச இன்னொரு யானை இருக்கிறது. நின்று ஆசீர்வாதம் செய்ய வேண்டிய வேலை கிடையாது. குறை இருந்தால் வனத்துறையைக் கேள்வி கேட்கலாம். கோயிலில் குறை என்றால் அறநிலையத்துறை வனத்துறையைக் கைகாட்டும், வனத்துறை அறநிலையத்துறையைக் கைகாட்டும். இந்த விளையாட்டை நாலு வருஷமாகப் பார்த்துவிட்டோம்.

5. "குழந்தைகள் யானையைப் பார்த்து வளர வேண்டாமா?"

'யா' என்றால் யானை என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவர்களில் பலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பாடத்துக்குப் படம் போதும். சங்கிலி கட்டிய யானையைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்வது யானையைப் பற்றி இல்லை. பெரிய உயிரையும் கட்டிப்போடலாம், காசு போட்டால் குனியும் என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. திருச்சிக்குப் போகும்போது தூரத்தில் நின்று, அது மண்ணை வாரித் தன் முதுகில் போட்டுக்கொள்வதைக் காட்டுங்கள். அதுதான் யானை.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் மாணவன் கேட்டிருந்தான். 2024 மார்ச்சில் மத்திய அரசு வளர்ப்பு யானைகளை மாற்றுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் விதிகள் வெளியிட்டது. வைத்திருப்பவரால் பராமரிக்க முடியாவிட்டால் மாற்றலாம். இப்போதைய நிலையைவிட நல்ல பராமரிப்பு கிடைக்கும் என்றால் மாற்றலாம். நல்ல பராமரிப்புக்காகத் தலைமை வன உயிரினக் காப்பாளர் சரி என்று கருதினாலும் மாற்றலாம். பயணத்துக்கு முன் கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். இந்த விதிகள் யானை வியாபாரத்துக்குக் கதவு திறந்துவிடும் என்று விலங்கு நல ஆர்வலர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதே விதியில் "நல்ல பராமரிப்பு" என்ற சொல் இருக்கிறது பாருங்கள். கோயிலுக்கு யானை கொண்டுவர அந்தக் கதவைப் பயன்படுத்துவார்கள் என்றால், கோயிலிலிருந்து யானையை நல்ல இடத்துக்குக் கொண்டுபோக நாமும் பயன்படுத்தலாம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்:

• மாற்றுவதற்கு முன் கோயில் சாராத, வனத்துறையும் சாராத கால்நடை மருத்துவர்கள் பாதம், பல், எடை, இரத்தம் எல்லாம் சோதித்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை ஊர் பார்க்க வெளியிட வேண்டும்.

• அடிக்காமல் பழகும் பாகன் ஒருவர் இப்போதே அதோடு பழகத் தொடங்கி, கூடவே போய், சில மாதமாவது அங்கே தங்க வேண்டும். அவருக்கு ஒழுங்கான சம்பளமும் தங்குமிடமும் தர வேண்டும்.

• தீவனத்தை ஒரே நாளில் மாற்றக் கூடாது. மற்ற யானைகளோடும் ஒரே நாளில் விடக் கூடாது. முதலில் வேலிக்கு இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம்.

• யானைக்கென்று கோயில் இதுவரை செலவழித்த பணம் அங்கேயும் யானைக்கே போக வேண்டும். வேண்டுமானால் "ஆண்டாள் யானைக் கட்டளை" என்று பெயர் வைத்து உண்டியல் வையுங்கள், முதல் நோட்டு என் ஓய்வூதியத்திலிருந்து.

• காலியாகும் கொட்டிலில் வேறு யானை வரக் கூடாது. இது எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றைக் காப்பாற்றி இன்னொன்றைக் கட்டிப்போட்ட கதையாகிவிடும்.

மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு வார்த்தை. "நம்ம ஊர் யானை" என்கிறீர்கள். நம் ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது. வேட்டைக்கு ஓடப் பிறந்த அந்த நாயைச் சென்னையில் ஆறாம் மாடி பால்கனியில் நாலு அடிச் சங்கிலியில் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு வயிறு எரிகிறது. போன வருஷம் அதற்காக ஒரு குடும்பத்தோடு சண்டை போட்டவர் நீங்கள். நாய்க்கு வந்த கோபம் யானைக்கு ஏன் வரவில்லை? நாய் அடுத்தவர் வீட்டில் இருந்தது. யானை நம் கோயிலில் இருக்கிறது.

துபாய்ப் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. நீ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து ஐந்து நிமிஷம் பார்ப்பாய். அந்த ஐந்து நிமிஷத்துக்காக அது மீதி நாளெல்லாம் நிற்க வேண்டுமா? நீயே வீட்டை விட்டு, கூட்டத்தை விட்டு, தனி அறையில் இருப்பவன். வெள்ளிக்கிழமை நம் ஊர்க்காரர்கள் நாலு பேரோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டால்தான் அந்த வாரம் ஓடுகிறது என்று நீதானே எழுதினாய். அதற்கும் ஒரு வெள்ளிக்கிழமை கொடு.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: கோயிலுக்குப் போனால் ஆசீர்வாதத்துக்குக் காசு நீட்டாதீர்கள். பாகனோடு சண்டை போடாதீர்கள், அவர் சம்பளக்காரர். மாவட்ட ஆட்சியருக்கும், அறநிலையத்துறை ஆணையருக்கும், தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் கடிதம் எழுதுங்கள். வாட்ஸப்பில் வந்ததை அப்படியே ஒட்டாதீர்கள். ஐந்தாம் வகுப்பிலேயே கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி. எழுதியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன், மதிப்பெண்ணும் போடுகிறேன்.

மாற்றுக் கருத்தை மரியாதையாக எழுதுங்கள், பதில் சொல்வேன். சாதி, மதம் இழுக்கும் பின்னூட்டத்தை எந்தச் சொந்தக்காரர் போட்டிருந்தாலும் அழித்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்